சந்தன சோப்பும் மைனஸ் முப்பது கிலோவும்

நைனா தினேஷ்,

போன் போட்டால் "மீட்டிங்ல இருக்கேன்பா" என்று வைத்துவிடுகிறாய். வீட்டிலிருந்து பேசலாம் என்றால் உன் அம்மாவின் காது அடுப்படியிலிருந்து கூடம் வரைக்கும் நீளும். அதனால் எங்கள் இரும்பு உருக்குக் கம்பெனியின் எடை மேடை கேபினில் உட்கார்ந்து, ஒரு ஸ்கிராப் லாரி போய் இன்னொரு ஸ்கிராப் லாரி வருவதற்குள் கிடைக்கிற நேரத்தில், எடைச் சீட்டுத் தாளின் பின்பக்கம் இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் லாரி ஏறும்போது மேடை ஆடியது என்று வைத்துக்கொள். உன் ஆபீஸ் விலாசத்துக்கே அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. உன் பெண்டாட்டி சங்கீதா கையில் கிடைத்தால் உனக்கு ஆபத்து, உன் அம்மா கையில் கிடைத்தால் எனக்கு ஆபத்து.

இரண்டு வாரத்துக்கு முன்னால் சங்கீதா உன் அம்மாவுக்கு போன் செய்தாள். நான் கூடத்தில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கரில் எல்லாம் காதில் விழுந்தது. "அத்த, பில்லு போடற எடத்துல நான் வெச்ச காபித்தூள எடுத்து ஓரமா வெச்சிட்டாரு அத்த. 'ஊட்லதான் டீத்தூளு இருக்குதே, இது இன்னாத்துக்கு'ன்னு அவ்ளோ பேரு முன்னாடி கேக்கறாரு. பின்னாடியே எதுர் ஊட்டு அக்கா நின்னுக்கினு இருந்தாங்க" என்றாள். அதோடு விடாமல், இனிமேல் மளிகையை நீயே பார்த்துக்கொள்வதாகவும், அதற்குக் கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு வைத்திருப்பதாகவும் சொன்னாள். அந்தப் பெண் அழவில்லை. அழுதிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். "சரிங்கன்னு சொல்லிட்டேன் அத்த" என்றாள் பார், அங்கேதான் நான் பேப்பரை மடித்துக் கீழே வைத்தேன்.

உன்னை மட்டும் குற்றம் சொல்லவில்லை. விலைவாசி அப்படித்தான் இருக்கிறது. திருநின்றவூரில் பிளாட்டுக்குத் தவணை கட்டி, ரயிலுக்கு சீசன் எடுத்து, மிச்சத்தில் குடும்பம் நடத்துகிறவன் சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் ஏசியிலும் வேர்க்கும். எண்ணெய் ஒரு மாதம் ஏறுகிறது, அது இறங்குவதற்குள் துவரம் பருப்பு ஏறுகிறது, பருப்பு இறங்கலாமா என்று யோசிக்கும்போது பூண்டு எங்கேயோ போய் நிற்கிறது. பிஸ்கட் பாக்கெட் விலை அதேதான், பிரித்து எண்ணினால் இரண்டு பிஸ்கட்டைக் காணோம். நான்கு சாமான் எடுத்து வைத்தாலே பில் முழ நீளம் வருகிறது. இதில் யார் மேல் கோபப்படுவது? பில் போடுகிற பெண் மேல் கோபப்பட முடியாது, விலை போட்டவன் கண்ணுக்கே தெரியமாட்டான். பக்கத்தில் நிற்கிறவள் பெண்டாட்டிதான். வசதியாக அவள் மேல் கோபப்பட்டுவிடுகிறோம். எனக்கு இது எப்படித் தெரியும் என்கிறாயா? நானும் செய்தேன், ஆறு வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி, இதே வசனத்தோடு.

நீ காலேஜில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். ஜி.என்.டி. ரோட்டில் அந்த சூப்பர் மார்க்கெட்டைப் புதிதாகத் திறந்திருந்தார்கள். கும்மிடிப்பூண்டியே திரண்டு போய் வேடிக்கை பார்த்தது. நானும் உன் அம்மாவும் போனோம். அரிசி, பருப்பு எல்லாம் தள்ளுவண்டியில் ஏறியது. கடைசியில் உன் அம்மா ஒரு சந்தன சோப்பை எடுத்து, இரண்டு தடவை மோந்து பார்த்து, வண்டியில் ஓரமாக வைத்தாள். பில் போடுகிற இடத்தில் தொகை ஏற ஏற எனக்கு மண்டை சூடாகிவிட்டது. அந்த சோப்பை எடுத்து ஓரத்தில் வைத்து, "ஊட்லதான் சோப்பு இருக்குதே, இது இன்னாத்துக்கு?" என்றேன். வீட்டில் இருந்தது துணிக்கும் மேலுக்கும் சேர்த்துப் போடுகிற சோப்பு. உன் அம்மா பில் போடுகிற பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். ஷேர் ஆட்டோவில் வரும்போது நான்தான் பேசினேன். "செலவு பண்ணத் தெர்ல உனக்கு. இனிமே மளிக நான் பாத்துக்கறேன். மாசம் மூவாயிரத்து ஐநூறு. ஒரு பைசா மேல போவாது" என்றேன். அவள், "சரிங்க" என்றாள். சண்டை போடாமல் ஒத்துக்கொண்டாளே என்று எனக்கு அன்றைக்கு ஒரே பெருமை.

மறுவாரமே என் ஆட்சி ஆரம்பமானது. எனக்குத் தெரிந்த வியாபாரம் ஸ்கிராப் வியாபாரம். டன் கணக்கில் எடுத்தால் விலை குறையும். அதே புத்தியோடு கடுகு அடுக்குக்கு முன்னால் நின்றேன். நூறு கிராம் பாக்கெட்டைவிட ஒரு கிலோ பாக்கெட்டில் கிராமுக்கு விலை குறைவாக இருந்தது. இரண்டு கிலோ எடுத்தேன். ஒரு வீட்டுக்கு இரண்டு கிலோ கடுகு என்றால் பேரன் பேத்தி காதுகுத்து வரைக்கும் தாளிக்கலாம் என்று எனக்கு யார் சொல்வது? துணி பவுடர் மூட்டை வாங்கினால் பக்கெட் இலவசம் என்று எழுதியிருந்தான். மூன்று மாதத்தில் ஏழு பக்கெட் சேர்ந்தது. ஷாம்பு பாட்டில் ஒன்று வாங்கினால் ஒன்று, நூடுல்ஸ் இரண்டு வாங்கினால் ஒன்று. ஆஃபர் என்று எழுதிய இடத்தில் எல்லாம் கை நீட்டினேன். அதை ஈடுகட்ட முழுப் பருப்புக்குப் பதில் உடைந்த பருப்பு, நல்ல எண்ணெய்க்குப் பதில் பேர் தெரியாத எண்ணெய். மீன் கிடையாது. மாதக் கடைசியில் மூவாயிரத்து நானூற்றுச் சொச்சம். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் கேபினில் எல்லாரிடமும் காட்டினேன்.

இரண்டாவது மாதம் எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. அரிசி மூட்டையில் எடை குறைகிறதோ என்று. இருபத்தேழு வருஷமாக எடை போடுகிறவனை ஒரு கடைக்காரன் ஏமாற்றுவதா? நம் தெரு ஏழுமலையின் குட்டி யானை லோடு வண்டியில் அந்த மாத மளிகை மொத்தத்தையும் ஏற்றி, நேராக எடை மேடைக்கே கொண்டு வரச் சொன்னேன். முப்பது டன் லாரி ஏறுகிற மேடையில் ஐம்பது கிலோ மளிகை. அந்த மெஷின் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணும் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. கோபம் வந்தால் தொழில் மறந்துபோகும். எங்கள் வேலை உனக்குத் தெரியும். முதலில் வண்டியைச் சரக்கோடு எடை போடுவோம், பிறகு காலியாக எடை போடுவோம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கின் எடை. சரக்கோடு எடை போட்டபோது ஏழுமலை டீ குடிக்க இறங்கிப் போயிருந்தான். சாமானை எல்லாம் கேபினுக்குள் இறக்கி வைத்துவிட்டுக் காலி எடை போட்டபோது, வெயில் தாங்காமல் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு தூங்கிவிட்டான். ஆள் எண்பது கிலோ. பட்டனை அழுத்தினேன். சீட்டு வந்தது. சரக்கு: மளிகை. நிகர எடை: மைனஸ் முப்பது கிலோ.

அந்தச் சீட்டைப் பார்த்த செக்யூரிட்டி உருக்காலை வரைக்கும் ஓடிப் போய்ச் சொல்லிவிட்டான். "இன்னாண்ணா, கடைக்காரனுக்கே முப்பது கிலோ பாக்கி வெச்சிக்கிறியா?" என்று ஒருத்தன் கேட்டான். ஆந்திராவிலிருந்து வருகிற லாரி டிரைவர்கள் இன்றைக்கும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "மைனஸ் முப்பது, கேட் தெறப்பா!" என்றுதான் ஹாரன் அடிக்கிறார்கள். அந்தச் சீட்டை நீயும் பார்த்திருக்கிறாய், மைனஸ் எப்படி வந்தது என்று சின்னப் பையன் மாதிரி நீ கேட்டபோதெல்லாம் நான் ஏதோ மழுப்பியிருக்கிறேன். இதுதான் காரணம். சட்டைப் பையில் இருந்த சீட்டைத் துவைக்கும்போது உன் அம்மா எடுத்துப் படித்தாள். சிரிக்கக்கூட இல்லை. மடித்து அஞ்சறைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் என் சாப்பாட்டுக்கு வந்த கதியைக் கேள். நான் வாங்கி வந்த சாமானை வைத்து, நான் வாங்கி வந்த அளவுக்கு, உன் அம்மா அப்படியே சமைத்தாள். ஒரு சொட்டு கூட்டவில்லை, குறைக்கவில்லை. திங்கள் எலுமிச்சை சாதம், செவ்வாய் புளி சாதம், புதன் மறுபடி எலுமிச்சை. எல்லாவற்றிலும் கடுகு. டிபன் பாக்ஸைத் திறந்தால் சோற்றைவிடக் கடுகு நிறையத் தெரியும். உடைந்த பருப்பில் வைத்த சாம்பார் தட்டில் நிற்காமல் ஓடும். குறை சொல்ல வாய் வருமா? நானே போட்ட பட்ஜெட். பன்னிரண்டு மணிக்கு டிபன் பாக்ஸை மூடிவிட்டு, கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நான்கு பஜ்ஜியும் ஒரு டீயும் சாப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை டூட்டி இருந்தால் பிரியாணி. அதெல்லாம் மளிகைக் கணக்கில் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் ஒரு நாள் உலை கோளாறாகி, மத்தியானமே ஷிப்ட்டை முடித்து அனுப்பிவிட்டார்கள். தெருமுனையிலேயே இறால் வாசம் தூக்கியது. யார் வீட்டிலோ கொண்டாட்டம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். நம் வீட்டில்தான். நீயும் உன் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தீர்கள். நடுவில் பழவேற்காட்டு இறால் தொக்கு, சட்டி நிறைய. உன் கையில் ஒன்று, வாயில் ஒன்று. என்னைப் பார்த்ததும் வாயில் இருந்ததை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் முழித்தாயே, துரோகி, அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உன் அம்மா மட்டும் பதறவே இல்லை.

"வாங்க. கை கழுவிக்கினு குந்துங்க" என்றாள்.

"டப்பு ஏது?" என்றேன்.

"பக்கெட்டு வித்த காசு. ஏழுல ஆறு வித்துட்டேன். வடக்கத்தி பசங்க ரூமுங்க இருக்குதில்ல, அங்க பக்கெட்டுக்கு ஒரே கிராக்கி. ஷாம்பும் நூடுல்ஸும் போச்சி. துணி பவுடர கிலோவா பிரிச்சி வித்தேன். கடுகு மட்டும்தான் ஒருத்தரும் வாங்க மாட்டேன்றாங்க. அது ஒண்ணுதான் பேஜாரு" என்றாள்.

நான் வாங்கிக் குவித்த ஆஃபரை எல்லாம் விற்று, மூன்று மாதமாக வாரத்துக்கு ஒரு நாள் நீங்கள் இரண்டு பேரும் இறாலும் நண்டும் சாப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "நான் அங்க எலுமிச்ச சோறு துன்னுக்கினு குடும்பத்துக்காக மிச்சம் புடிக்கறேன்..." என்று ஆரம்பித்தேன். அவள் எழுந்து போய் அஞ்சறைப் பெட்டியிலிருந்து அந்த மைனஸ் முப்பது சீட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். "மாசம் மூவாயிரத்து ஐநூறுதான் ஆவுதுன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே. டெய்லி துன்ற பஜ்ஜி எதுல எழுதுனீங்க? பிரியாணி எதுல எழுதுனீங்க? ஏழுமல மாதிரி நீங்க எறங்கி நின்னுக்கினா வண்டி லைட்டாதாங்க காட்டும்" என்றாள். பஜ்ஜி விஷயம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்தால் நீயாவது சொல். அன்றைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பஜ்ஜி, டீ, பிரியாணியைச் சேர்த்தால் அவள் நடத்திய மாதங்களைவிட என் மாதங்களில் அறுநூறு ரூபாய் அதிகம்.

மளிகைப் பணத்தைப் பழையபடி அவள் கையிலேயே கொடுத்துவிட்டு உட்கார்ந்து இறால் சாப்பிட்டேன். கதை அத்தோடு முடிந்தது என்றுதான் நீயும் நினைத்துக்கொண்டிருப்பாய். நீ காலேஜுக்குப் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. மறுநாள் நானே போய் ஒரு சந்தன சோப்பு வாங்கி வந்து அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். "எனக்கு வேணும்னு இருந்தப்போ எடுத்து ஓரமா வெச்சிட்டீங்க. இப்போ வேணும்னு தோணல" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிரிக்காமல் பீரோவில் புடவைக்கு நடுவில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குள் என்னோடு அவள் வந்ததே இல்லை. லிஸ்ட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, வெளியே கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பாள். தனியாகப் போவாள், பக்கத்து வீட்டுக்காரியோடு போவாள், என்னோடு மாட்டாள். ஆறு வருஷம், நைனா. பொங்கல், தீபாவளி, உன் கல்யாணச் சாமான் வாங்கியபோதுகூட. உள்ளே தள்ளுவண்டியோடு தனியாக நின்றுகொண்டு, கண்ணாடி வழியாக அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு சோப்புக்கு இவ்வளவா என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. சோப்புக்கு இல்லை என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது. இருபத்திரண்டு வருஷம் எனக்கும் உனக்கும் வேண்டியதையே பார்த்துப் பார்த்து எடுத்தவள், தனக்கென்று எடுத்தது அந்த ஒன்றுதான். அதை ஊர் பார்க்கக் கேள்வி கேட்டுவிட்டேன். தப்பு பண்ணிவிட்டேன். பிறகு எத்தனை வாங்கிக் கொடுத்தாலும் அது வேறு சோப்பு.

இப்போது உன் விஷயம். பத்து நாளாக உன் டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதமா? கடுகு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதா? அது நான் வாங்கிய கடுகேதான். தனிக்குடித்தனம் வைத்தபோது சீரோடு சீராக உன் அம்மா ஒரு டப்பா கட்டிக் கொடுத்தாள். அன்றைக்கு போனில் சங்கீதாவிடம் அவள் சொன்னதைச் சொல்கிறேன், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே: "நீ ஒண்ணும் பேசாதம்மா. இன்னா வாங்கிக்கினு வராரோ அதையே ஆக்கிப் போடு. பக்கெட்டு கிக்கெட்டு எதுனா வந்தா எடுத்து வெய்யி." மாமியாரும் மருமகளும் சண்டை போடுகிற வீட்டில் ஆம்பளை பிழைத்துக்கொள்வான். இரண்டு பேரும் ஒன்று சேர்ந்த வீட்டில் நீ என்ன கட்டம் போட்டாலும் எடுபடாது. அந்தக் கட்டத்தில் ஆபீஸ் கேன்டீன் போண்டாவுக்கு ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறாயா என்று முதலில் பார்.

பெரியபாளையத்தில் சங்கீதாவின் அப்பா வீட்டில் காலையில் எழுந்ததும் காபிதான். நாம் மூன்று தலைமுறையாக டீக்காரர்கள். கல்யாணமாகி வந்த எட்டு மாதத்தில் நம் வீட்டுப் பழக்கம் அத்தனையையும் அவள் பிடித்துக்கொண்டாள். தன் வீட்டிலிருந்து கொண்டு வந்த ஒரே பழக்கம் அந்தக் காபி. நூறு கிராம் காபித்தூளில் உன் பிளாட் முழுகிப் போகாது. நீ தனியாக வாங்கிக்கொண்டு போய் நீட்டாதே. நான் நீட்டியது பீரோவில் போய் உட்கார்ந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு போ, அவளே எடுக்கட்டும், நீ வாயை மூடிக்கொண்டு வரிசையில் நில். விலையைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். அடைக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சங்கீதாவின் போன் வந்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. கடை வாசலில் உன் அம்மா வழக்கம்போலக் கரும்பு ஜூஸ் வண்டிப் பக்கம் ஒதுங்கினாள். "நீயும் உள்ள வாயேன்" என்றேன். "இன்னாத்துக்கு?" என்றாள். "பையன் என்ன மாதிரியே ஆயிட்டான். எனக்கு அசிங்கமா இருக்குது. வா" என்றேன். ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு செருப்பைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். சோப்பு அடுக்குக்கு முன்னால் நின்றாள். சந்தன சோப்பை எடுத்தாள், மோந்தாள், திருப்பி விலையைப் பார்த்தாள், "ஐய!" என்று திரும்ப வைத்தாள். நான் எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டேன். பில் போடுகிற இடத்தில் அதை எடுத்து ஓரமாக வைத்து, "இது வேணாம்மா. ஊட்லதான் சோப்பு இருக்குதே, இது இன்னாத்துக்கு?" என்றாள், என் வசனத்தை, ஒரு எழுத்து மாறாமல். நான் எடுத்து முன்னால் வைத்தேன். அவள் எடுத்துப் பின்னால் வைத்தாள். "சார், போடட்டா வேணாமா?" என்றாள் பில் போடுகிற பெண். வரிசையில் பின்னால் நின்றவர், "யம்மா, சீக்கிரம் முடிவு பண்ணுங்க, ஐஸ்கிரீம் உருகிக்கினே போவுது" என்றார். "போடும்மா!" என்று நான் கத்திய கத்தலில் கடையே திரும்பிப் பார்த்தது. உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தாள். புடவைக்கு நடுவிலிருந்து அந்த ஆறு வருஷத்துச் சோப்பை எடுத்துக்கொண்டு, புதியதை என் கையில் கொடுத்தாள். "இத உள்ள வெய்யுங்க. பழச மொதல்ல தீத்துடலாம்" என்றாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உறையைப் படித்தேன். புதியது விலையில் ஏறியிருந்தது, எடையில் இருபத்தைந்து கிராம் இறங்கியிருந்தது. அவளிடம் காட்டினேன். "பாத்தீங்களா, அப்பவே வாங்கனது லாபந்தான்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். கூடம் முழுக்கச் சந்தன வாசம் வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

லாரிக்காரன் வந்துவிட்டான், "மைனஸ் முப்பது, தூங்கிட்டியா?" என்று ஹாரன் அடிக்கிறான். எனக்கு ஆறு வருஷம் ஆனது, உனக்கு இரண்டு வாரம்தான் ஆகியிருக்கிறது. காபித்தூள் விலை நாளைக்கு இன்னும் ஏறும். இன்று சாயந்திரமே போ.

அப்பா